தெரிஞ்ச பேருன்னா அரை செகண்டு

சேதி வந்தபோது நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் உட்கார்ந்து, காணாமல் போன ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் மருந்து இருப்புப் பார்க்கிற மென்பொருள் நான் எழுதிக் கொடுத்தது. திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டி ஒன்று திரையில் வர வேண்டும். வரவில்லை. "ஏனுங்க, பொட்டியவே காணமுங்க" என்று கடைக்காரர் விடிந்ததுமே அழைத்துவிட்டார். யாரோ இரண்டாவது திரை ஒன்றை மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள். பெட்டி அந்த இல்லாத திரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அம்புக்குறி விசையை அழுத்தி அதை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது திண்டுக்கல் லேபிலிருந்து முருகேசனின் அழைப்பு வந்தது.

"அண்ணே, பிலோமி அக்கா காலைல தவறிட்டாங்க."

விசையிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவில்லை. பெட்டி திரையின் ஓரத்தில் தலைகாட்டி, நடுவுக்கு வந்து, மறு ஓரத்தையும் தாண்டிப் போய்விட்டது. "வந்துட்டு மறுபடியும் போயிருச்சுங்களே" என்றார் கடைக்காரர். ஆமாங்க, போயிருச்சு என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பிலோமினாவை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்த ரத்தப் பரிசோதனை லேபில், காலை ஆறரை மணிக்குக் கவுண்டரைத் திறந்து உட்கார்ந்திருந்தவர். "வெறும் வயிறுதானே? டீ குடிச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா ரத்தம் சொல்லிரும்" என்று அவரிடம் கேட்டுக்கொள்ளாமல் அங்கே யாரும் கை நீட்டியிருக்க முடியாது. அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுவதாக மகள் ஜெனிட்டா சொன்னாள். "எல்லாரும் எங்கம்மா நல்லவங்கன்னு எழுதித் தந்துட்டாங்க மாமா. நீங்க அந்த மாதா அட்டைக் கதைய எழுதுங்க. முழுசா எழுதுங்க, எதையும் மறைக்க வேண்டாம்" என்றாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இந்தக் கதையில் நல்ல பெயர் எடுக்கப்போவது நான் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குள் முறையே கோளாறு. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒருவரை ஒருவர் வயதானவராக்கிவிட வேண்டும் என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு பிடிவாதம். "தலையப் பாருங்க, இந்த நரைய வச்சுக்கிட்டு என்னைய அக்காங்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கேட்பார். நான் விடமாட்டேன். உங்கள் வயது என்ன என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

லேபின் மென்பொருளை நான் எழுதியபோது லேபை நடத்துகிற டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மின்சாரம் போய் வந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே யுபிஎஸ் என்று ஒன்று உண்டு. அதன் பேட்டரி நான் போன முதல் நாளே செத்துப்போயிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கணினி அணைந்து எழும். ஆகவே, கடைசியாக யாருடைய பதிவைத் திறந்து வைத்திருந்தார்களோ, அதே பதிவோடு திறக்கும்படி செய்தேன். அதற்கு மேலே கடவுச்சொல் பெட்டி வரும். எல்லை தாண்டிய எண்கள் சிவப்பில் தெரியும்படியும் செய்தேன். எனக்கு என்மேலேயே பெருமை தாங்கவில்லை. முடித்த அன்றைக்கே எனக்கும் பிலோமினாவுக்கும் சேர்த்துப் பிரியாணி வாங்கி வந்தேன்.

மறுநாளே போன். "அண்ணே, உங்க பொட்டி எனக்குக் கட்டம் கட்டமா வணக்கம் சொல்லுது." கடவுச்சொல் பெட்டியின் தலையில் 'வணக்கம்' என்று போட்டிருந்தேன். எழுத்துரு வந்து சேர்வதற்கு முன்னால் அது வெறும் சதுரங்களாகத் தெரிந்து, பிறகுதான் எழுத்தாக மாறியது. போய்ப் பார்த்துவிட்டு, இது பெரிய விஷயமில்லை, தானாகச் சரியாகிவிடுகிறது என்று சமாளித்தேன். "எங்க வேதத்துல கட்டம் பாக்குற பழக்கமில்லண்ணே. இது உங்க கட்டம். உங்களுக்குத்தான் சரியில்ல போல" என்றார். அன்றைக்கு லேபில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக வீட்டுக்குப் போய் அந்தக் கோபத்தில் ஒரே மணி நேரத்தில் எழுத்துருவைச் சரிசெய்து கொண்டுவந்து போட்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. கடவுச்சொல் பெட்டி மேலே வந்து மூடுவதற்கு முன், அடியில் இருக்கும் பதிவு ஒரு விநாடி பளிச்சென்று தெரிந்து மறையும். பெயர், வயது, ஊர், என்ன சோதனை, என்ன முடிவு, எல்லாம். எந்தக் கணினியானாலும் கவுண்டருக்கு உள்ளே இருப்பவர் மட்டும் பார்த்தால் அதில் பாதகமில்லை. இங்கே அப்படியில்லை. பிலோமினாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரைத் தட்டி முடித்ததும் திரையை வந்தவர் பக்கம் திருப்பிவிடுவார். "பேரப் பாருங்க, இனிஷியலப் பாருங்க. ரிப்போர்ட்ட வாங்கிட்டுப் போயி, எங்கப்பா பேருக்குக் கே இல்ல, ஜின்னு திரும்பி வரக் கூடாது." திரும்பிய திரை அப்படியே இருக்கும். மின்சாரம் போய் வந்தால் அந்த ஒரு விநாடியை வரிசையே பார்க்கும்.

அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு கொண்டுபோகிற ஒருவர் ஒரு வியாழக்கிழமை சந்தையை முடித்துவிட்டு மனைவியோடு ரிப்போர்ட் வாங்க வந்தார். தாளை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சர்க்கரையெல்லாம் ஒண்ணும் இல்லையாம், வா போவோம்" என்று கிளம்பினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்தது. அவருடைய பெயரும் அதற்கு நேரே சிவப்பில் ஒரு எண்ணும் பளிச்சிட்டு மறைந்தன. அந்த அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் எண் தெரியும், சிவப்பும் தெரியும். "அம்புட்டு இருக்கா? வழியில ரெண்டு லட்டு வாங்கித் தின்னியே மனுசா!" என்று அவர் எழுப்பிய சத்தம் எதிர்க் கடை வரைக்கும் கேட்டதாம். மனைவியிடம் தோற்றவர் கோபத்தைக் கவுண்டரில் காட்டிவிட்டுப் போனார். பிலோமினா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

நான் சிரித்தேன். லட்டுக் கதைக்கு யாராக இருந்தாலும் சிரிக்கத்தானே செய்வார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு செகண்டுதானக்கா. கண்ணச் சிமிட்டுற நேரம். அதுக்குள்ள படிக்கிற ஆளு கலெக்டரா போயிருப்பான், உங்க லேபுல வந்து வரிசைல நிக்க மாட்டான்" என்றேன்.

"இன்னிக்குச் சர்க்கரை, சிரிச்சுட்டீங்க. நாளைக்கு வேற ஒண்ணு தெரியும். ஒரு பேரப் படிக்க ஒரு செகண்டு போதும்ணே. தெரிஞ்ச பேருன்னா அரை செகண்டு."

பார்க்கிறேன் என்றேன். எங்கள் தொழிலில் 'பார்க்கிறேன்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அரை மனதோடு ஒரு முறை உட்கார்ந்தேன். லேபின் பெயர் போட்ட படம் ஒன்று முதலில் வந்து திரையை மறைக்கும்படி செய்தேன். படம் ஆடி அசைந்து பதிவுக்குப் பிறகுதான் வந்தது. இன்னொரு முறை கையை வைத்ததில் கடவுச்சொல் பெட்டி போய்ப் பதிவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கணினியே உறைந்துவிட்டது என்று லேபில் எல்லாரும் பயந்தார்கள். பழையபடியே மாற்றி வைத்துவிட்டு வந்தேன். வேறு வேலைகள் வந்தன. இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அந்த இரண்டு வருடமும் பிலோமினா என்ன செய்தார் என்பதுதான் ஜெனிட்டா சொன்ன மாதா அட்டைக் கதை. தினசரிக் காலண்டரில் தாள்களெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுமே, அந்த அட்டை. அவருடையதில் மாதா படம் இருந்தது. கணினியைப் போடும்போதெல்லாம் அந்த அட்டையை எடுத்துத் திரைமேல் சாத்திப் பிடித்துக்கொள்வார். கடவுச்சொல் பெட்டி வந்துவிட்டதா என்று ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு எடுப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் அவர் ஜெபித்துவிட்டு வேலை தொடங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அட்டை ஏறியதும் பேச்சை நிறுத்துவார்கள். எங்கள் பக்கத்து வேதக்காரர்கள் சிலுவைக் குறி போடுவார்கள். பூ மார்க்கெட்டிலிருந்து வருகிற அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். "சொல்லிர வேண்டியதுதானே" என்று கேட்டேன். "என்னன்னு சொல்றது? எங்கண்ணே எழுதுன பொட்டி வாய மூடாது, அதான் மாதாவ வச்சு மூடுறேன்னா?" என்றார். வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் அதையும் ஒரு வேடிக்கையாகவே நாலு இடத்தில் சொல்லித் திரிந்தேன்.

கேலியெல்லாம் அடங்கிய நாளுக்கு வருகிறேன். பிரிண்டர் தாளைக் கவ்விக்கொண்டு விடவில்லை என்று மத்தியானம் லேபுக்குப் போனேன். கூட்டம் இல்லை. பிலோமினா உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "செத்த நேரம் உக்காருங்கண்ணே, வாரேன்" என்று குரல் மட்டும் வந்தது. மின்சாரம் போய் அப்போதுதான் வந்திருந்தது. பிரிண்டரைப் பார்க்க வேண்டுமே என்று நானே கணினியைப் போட்டேன். அட்டை மேசைமேல்தான் கிடந்தது. எனக்கு எதற்கு அட்டை?

பதிவு பளிச்சிட்டது. பிலோமினா. வயது நாற்பத்தெட்டு. புற்றுநோய்க்குப் பார்க்கிற ஒரு சோதனையின் பெயர். அதற்கு நேரே, சிவப்பில், ஒரு பெரிய எண்.

பெட்டி வந்து மூடிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் 'வணக்கம்' என்று அழகாக, ஒரு கட்டம்கூட இல்லாமல் இருந்தது. அவர் சொன்னது சரிதான், அரை விநாடிகூடத் தேவைப்படவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதும் அந்த அரை விநாடிக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

கை கழுவிவிட்டு வந்தவர் திரையைப் பார்த்தார், மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி இன்னொருக்கா தொறந்து பாத்தேன். எண்ணு மாறியிருக்குமான்னு பாக்குறது. பைத்தியக்காரத்தனம்தான்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். சோதனை செய்த முருகேசனுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்றார். மதுரையில் சிகிச்சைக்கு ஏற்பாடாகிவிட்டது. ஜெனிட்டாவுக்குத் தெரியாது. அவளுக்குக் கல்லூரிக் கடைசித் தேர்வு நடந்துகொண்டிருந்தது, முடிய மூன்று வாரம் இருந்தது. அப்பா இல்லாத பிள்ளை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப்போக வருவாள். வந்ததும் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவளுக்கு நான் சொல்லணும்ணே. எப்பச் சொல்லணும், எங்க வச்சுச் சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். பொட்டி சொல்லக் கூடாது."

குரலை உயர்த்தவில்லை. இரண்டு வருடமாகச் சொன்னேனே, கேட்டீர்களா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை. பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பெட்டியை மேலே கொண்டுவருவதிலேயே இத்தனை நாளும் குறியாக இருந்திருக்கிறேன். அடியில் எதையும் திறக்காமலிருந்தால் மூட வேண்டிய வேலையே இல்லை. பெட்டி மட்டும் முதலில் வரட்டும். கடவுச்சொல் சரியென்ற பிறகு பதிவு திறக்கட்டும். அவ்வளவுதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருபது நிமிட வேலை. இரண்டு வருடம் ஒரு மனுஷி கைவலிக்க அட்டை பிடித்தது அந்த இருபது நிமிடத்துக்காக.

அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெறும் வெள்ளை, பிறகு பெட்டி. பிலோமினா கவுண்டருக்கு வெளியே போய், வரிசை ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு பார்த்தார். "இன்னொருக்கா" என்றார். மறுபடி. "இன்னொருக்கா." எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஐந்து மணிக்கு ஜெனிட்டா வந்தாள். எனக்கு எழுந்து போக மனமில்லை, பிரிண்டரை நோண்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் முழங்கையை ஊன்றி, "கெளம்பலாமா?" என்று கேட்கிறாள், விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் வந்தது. பிலோமினாவின் கை பழக்கத்தில் அட்டையைத் தேடிப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து கணினியைப் போட்டது. திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளை. வெள்ளை. பெட்டி வந்தது.

"எங்கம்மா மாதா அட்டை? சாத்தலையா?" என்றாள் ஜெனிட்டா.

"மாதாவுக்கு லீவு குடுத்தாச்சு. பாவம், ரெண்டு வருசமா நின்னுக்கிட்டே இருந்தா" என்றார் அம்மா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது அட்டையை என் பைக்குள் சொருகிவிட்டு, "வச்சுக்கங்கண்ணே, உங்களுக்குத் தேவைப்படும்" என்றார். அதற்குப் பிறகும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வயது தெரிந்தும் கூப்பிடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தேர்வு முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பிறகு, மகளைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னாராம். முன்னாலேயே சொல்லியிருந்தால் பிள்ளை சாப்பிட்டிருக்காது என்று கணக்கு. அதன்பின் ஒன்றரை வருடம் போல இருந்தார். கடைசி மூன்று மாதம் தவிர, சிகிச்சை இல்லாத நாளெல்லாம் கவுண்டருக்கு வந்தார். வந்தவர்களிடம் எதையும் சொல்லவில்லை. "கவுண்டர்ல இருக்கவளே நோயாளின்னு தெரிஞ்சா, வர்றவன் தெம்பா கைய நீட்டுவானா?" என்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க மாமா, அந்தச் சாயங்காலத்தையும் சொன்னாங்க. எங்கம்மா வாயால கேட்டதுனாலதான் என்னால தாங்க முடிஞ்சுச்சு" என்றாள். நான் எத்தனையோ மென்பொருள் எழுதியிருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

அட்டை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. எந்த ஊரில் எந்தக் கடைக்கு எதை எழுதிக் கொடுத்தாலும், கவுண்டருக்கு வெளியே போய், வந்தவர்கள் நிற்கிற இடத்தில் நின்று, திறக்கிற அந்த முதல் விநாடியைப் பார்க்காமல் நான் ஊர் திரும்புவதில்லை. 'பார்க்கிறேன்' என்ற சொல்லை இந்தப் பொருளில் மட்டும்தான் இப்போது சொல்கிறேன். இவை அவரிடமிருந்து எனக்கு வந்தவை. இன்னொன்றும் இருக்கிறது.

போன வாரம் முருகேசன் கூப்பிட்டார். கவுண்டரில் இப்போது கவிதா என்ற பெண் இருக்கிறாள். அவளும் இத்தனை நாள் பிலோமினாவின் பெயரிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறாள். திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் வந்து நிற்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்றார். போனேன். பழைய பெயரை நீக்கிக் கவிதாவின் பெயரைப் போட்டேன். வெளியே வந்து வரிசையில் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, போடச் சொன்னேன். வெள்ளை. பெட்டி. பெயர் கேட்கும் இடத்தில் 'பிலோமினா' என்று ஒரு விநாடி தெரிந்து, 'கவிதா' என்று மாறியது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேலையைத் தொடங்கிய முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோதித்துப் பார்ப்பதற்காக அவர் பெயரைப் பெட்டியின் நிரலுக்குள்ளேயே தட்டி வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். ஒரே ஒரு சொல். அழிக்க ஒரு நிமிடம் ஆகாது.

"அண்ணே, அக்கா பேரு வந்துட்டுப் போகுதே" என்றார் முருகேசன்.

"ஒரு செகண்டுதானே முருகேசா. யாரு பாக்கப் போறா?"

"நாமதான்ணே" என்றார்.

அணைத்துவிட்டு, இன்னொருமுறை போட்டோம்.